பொன் மட்டும் சாட்சி சொல்லாது: பிற்கால ரோமானியப் பொற்பதக்கங்களை இனங்காணும் வழிகள்

1922ஆம் ஆண்டு வடபிரான்சின் அராஸ் நகரை ஒட்டிய போரேன் என்ற சிற்றூரில் செங்கல்லுக்கு மண் வெட்டியவர்கள் ஒரு புதையலைக் கண்டெடுத்தார்கள். நகைகள், வெள்ளிப் பொருள்கள், நூற்றுக்கணக்கான காசுகள், அவற்றோடு உள்ளங்கையில் கனக்கும் பெரிய பொற்பதக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன. முறையாகப் பதிவு செய்வதற்குள் புதையல் பல கைகளுக்குச் சிதறிவிட்டது. வணிகர்கள் வழியாகப் பல நாடுகளின் அருங்காட்சியகங்களுக்கும் தனியார் சேகரிப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதில் என்னென்ன இருந்தன என்பதை ஓரளவு முழுமையாகத் தொகுத்து பியர் பஸ்தியான், கத்ரின் மெட்ஸ்கர் ஆகிய இருவரும் நூலாக்கியபோது ஆண்டு 1977. மண்வெட்டி பட்ட நாளுக்கும் நூல் வந்த நாளுக்கும் இடையே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

பிற்கால ரோமானியப் பொற்பதக்கங்களைப் பற்றிய ஆய்வு முழுவதிலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. கையில் கிடைக்கும் பொருள் அழகானது, அரியது, விலைமதிப்பற்றது. ஆனால் அது யாருடையது, எங்கே அடிக்கப்பட்டது, எப்போது அடிக்கப்பட்டது, உண்மையானதுதானா என்ற கேள்விகளுக்குப் பொன் தானாக விடை சொல்வதில்லை. எடை, உருவம், எழுத்து, அச்சு, உலோகம், அதைச் சுற்றிய சட்டம், கிடைத்த இடம் என ஏழு சாட்சிகளை நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, எங்கே தவறவிடும் என்பதை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

எது பதக்கம், எது காசு?

முதல் சிக்கல் வரையறையிலேயே தொடங்குகிறது. ரோமானியர்கள் அடித்த பெரிய பொற்துண்டுகள் இன்றைய பதக்கங்களைப் போல வெறும் நினைவுப்பொருள்களாக இருக்கவில்லை. பெரும்பாலானவை அன்றைய பொற்காசின் மடங்குகள். இரண்டு காசு, மூன்று காசு, ஒன்பது காசு என்று கணக்கிட்டு அடிக்கப்பட்டவை. இத்துறையின் அடித்தள நூலான ‘ரோமன் மெடாலியன்ஸ்’ என்பதை 1944இல் வெளியிட்ட ஜோஸ்லின் டாய்ன்பி, சடங்குக்கும் அன்பளிப்புக்கும் மட்டுமே உருவான பதக்கங்களையும், பண மதிப்புக் கொண்ட மடங்குக் காசுகளையும் பிரித்துப் பார்த்தார். அவருக்கு முன்பே 1912இல் பிரான்செஸ்கோ ஞெக்கி மூன்று தொகுதிகளில் இவற்றைப் பட்டியலிட்டிருந்தார்.

நான்காம் நூற்றாண்டுக்கு வரும்போது இந்தப் பிரிவினைக் கோடு மங்கிவிடுகிறது. புதிய பேரரசர் அரியணை ஏறினால், ஆட்சியின் ஐந்தாம், பத்தாம், இருபதாம் ஆண்டு வந்தால், பெரும் போரில் வென்றால் படைத்தலைவர்களுக்கும் உயர் அலுவலர்களுக்கும் பொன் வழங்குவது வழக்கமானது. பேரரசின் எல்லைக்கு அப்பால் இருந்த குடித்தலைவர்களுக்கும் அரசியல் பரிசாக இவை போயின. ஆகவே ஒரு பொற்பதக்கம் ஒரே நேரத்தில் பணமாகவும் பரிசாகவும் பேரரசரின் உருவம் தாங்கிய ஆணையாகவும் இருந்தது. இனங்காண முயல்பவர் இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எடையைப் பார்க்கும்போது அது பணம், உருவத்தைப் பார்க்கும்போது அது அரசியல், தேய்மானத்தைப் பார்க்கும்போது அது ஒருவர் அணிந்த நகை.

தராசு சொல்லும் செய்தி

ரோமானியப் பவுண்டு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 324 கிராம். பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில் அந்த ஒரு பவுண்டுப் பொன்னிலிருந்து 60 அவுரியஸ் காசுகள் அடித்தார்கள். அப்படியானால் ஒரு காசு 5.4 கிராம். 309-310 வாக்கில் கான்ஸ்டன்டைன் அதை மாற்றி, ஒரு பவுண்டுக்கு 72 என்ற கணக்கில் சாலிடஸ் என்ற புதிய காசைக் கொண்டுவந்தார். அதன் எடை 4.5 கிராம். பைசாந்தியப் பேரரசு அந்த அளவைப் பல நூற்றாண்டுகள் காப்பாற்றியது.

பதக்கத்தின் எடையை இந்த இரண்டு எண்களாலும் வகுத்துப் பார்ப்பது முதல் வேலை. ஒன்பது கிராம் என்றால் இரட்டைச் சாலிடஸ், பதின்மூன்றரை என்றால் மூன்று, இருபதுக்கு மேல் சற்றே இருந்தால் நாலரை, நாற்பதை ஒட்டினால் ஒன்பது. பவியாவில், அதாவது அன்றைய டிசினத்தில் அடிக்கப்பட்டு இப்போது பாரிசில் உள்ள கான்ஸ்டன்டைனின் புகழ்பெற்ற பதக்கம் நாற்பது கிராமுக்குச் சற்றே குறைவு. ஒன்பது சாலிடஸ் என்ற கணக்கு அங்கே அப்படியே பொருந்துகிறது. போரேன் புதையலின் பெரிய பதக்கம் 53 கிராம் அளவு. அது பழைய அவுரியஸ் கணக்கில் பத்துக்காசு.

சாலிடஸ் வந்த பிறகும் விழாக்காலப் பொன் சிலவற்றைப் பழைய 5.4 கிராம் அளவிலேயே நாணயச்சாலைகள் அடித்தன. அதனால் 4.5ஆல் சரியாக வகுபடாத எடையைப் பார்த்தவுடன் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. 5.4ஆலும் வகுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கணக்கிலும் ஒட்டாமல் நிற்கும் எடைதான் ஐயத்துக்குரியது. அங்கேயும் ஒரு விலக்கு உண்டு. தொங்கவிடுவதற்காக ஒட்டிய வளையம், பின்னால் வைத்த ஊசி, சுற்றிய சட்டம் எல்லாமே எடையைக் கூட்டும். துளையிட்டாலும் ஓரம் தேய்ந்தாலும் எடை குறையும். தராசு வாசலைத் திறந்துவிடும், உள்ளே போய்ப் பார்க்க மற்றச் சாட்சிகள் வேண்டும்.

முகம், முடி, பெயர்

பேரரசரின் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம் என்று புதிதாகப் படிப்பவர்கள் நினைப்பதுண்டு. முதல் நூற்றாண்டுக் காசுகளில் அது ஓரளவு நடக்கும். நான்காம் நூற்றாண்டில் உருவப் பொறிப்பு தனி மனிதச் சாயலை விட்டுப் பதவியின் சாயலுக்குப் போய்விட்டது. வாலென்டினியனையும் அவர் தம்பி வாலென்ஸையும் முகத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கும் கடினம். முகத்தைவிடத் தலையில் இருப்பது கூடுதலாகப் பேசும். வாகை இலை மாலை பழைய வழக்கம். முத்தும் மணியும் பதித்த தலைப்பட்டை கான்ஸ்டன்டைன் 324இல் லிசினியஸை வென்று முழுப் பேரரசையும் கைக்கொண்ட காலத்தை ஒட்டித்தான் காசுகளில் நிலைபெறுகிறது. கான்ஸ்டன்டைனின் தொடக்ககாலப் பட்டங்களோடு முத்துப்பட்டை அணிந்த உருவம் வந்தால் அந்தப் பதக்கத்தைத் தனியே எடுத்து வைத்து ஆராய வேண்டும்.

பட்டங்களும் நாள் காட்டும். 312இல் ரோமைக் கைப்பற்றிய பின் கான்ஸ்டன்டைனுக்கு ஆட்சிமன்றம் ‘மாக்சிமுஸ்’ என்ற பட்டத்தைத் தந்தது. 324க்குப் பிறகு ‘இன்விக்டுஸ்’ என்ற பட்டத்தின் இடத்தை ‘விக்டர்’ பிடித்துக்கொண்டது. மேலே சொன்ன டிசினம் பதக்கத்தில் ‘இன்விக்டுஸ்’, ‘மாக்சிமுஸ்’ இரண்டும் சேர்ந்து வருகின்றன. ஆக, 312க்குப் பிந்தியது, 324க்கு முந்தியது. பின்புறத்தில் பேரரசரின் மங்கல வருகை காட்டப்பட்டிருப்பதால் அறிஞர்கள் அதை 313 என்று இன்னும் குறுக்குகிறார்கள். முகப்பில் கான்ஸ்டன்டைனும் கதிரவன் கடவுளும் ஒட்டி நின்று ஒரே திசையில் பார்க்கிறார்கள். கான்ஸ்டன்டைன் ஏந்திய கேடயத்தில் கதிரவனின் தேர். ரோமை அவருக்குத் தந்த மில்வியன் பாலப் போர் முடிந்த அடுத்த ஆண்டிலும் அவருடைய நாணயச்சாலை அவரைக் கதிரவனின் தோழராகவே காட்டியது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஒரு பதக்கத்தைச் சரியாக இனங்கண்டால் அவர் கிறித்தவத்துக்கு மாறிய வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியிருக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பெயர்கள் ஒன்றுபோல் இருப்பது இன்னொரு தொல்லை. வாலென்டினியன் என்ற பெயரில் மூவர், தியோடோசியஸ் என்ற பெயரில் இருவர் ஆண்டார்கள். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கு உதவும் நுட்பம் ஒன்று உண்டு. மூத்த பேரரசரின் பெயரை உருவத்தின் தலை இரண்டாக வெட்டி நிற்கும். இளையவரின் பெயர் வெட்டுப்படாமல் தொடர்ந்து ஓடும். எல்லா நாணயச்சாலைகளும் எப்போதும் இதைக் கடைப்பிடித்தன என்று சொல்ல முடியாது. என்றாலும் கிராஷியனையும் இரண்டாம் வாலென்டினியனையும் பற்றிய ஆய்வில் இது பெரிதும் கைகொடுத்திருக்கிறது.

ஒரு பதக்கத்தை வரிவரியாகப் படித்தல்

போரேன் புதையலின் பத்துக்காசுப் பதக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முகப்பில் கான்ஸ்டான்டியஸ் குளோரஸ். அவருக்குத் தரப்பட்டிருக்கும் பதவி சீசர், அதாவது துணைப்பேரரசர். அவர் சீசராக இருந்தது 293 முதல் 305 வரை, பிறகு அகஸ்டஸ், அதாவது முழுப் பேரரசர், ஆகிவிட்டார். எனவே பதக்கத்தின் காலம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

பின்புறத்தைத் திருப்பினால் குதிரையில் வரும் பேரரசர். அவருக்கு முன்னே நகரவாயிலில் ஒரு பெண் மண்டியிட்டுக் கைகளை நீட்டி வரவேற்கிறாள். அவளுக்குக் கீழே மூன்று எழுத்துகள், எல், ஓ, என். அவள் லண்டன் நகரத்தின் உருவம். கீழ்ப்பகுதியில் தண்ணீரில் வீரர்களோடு ஒரு போர்க்கப்பல். சுற்றி ‘ரெடிட்டோர் லூக்கிஸ் ஏட்டெர்னே’ என்ற வாசகம், நிலையான ஒளியை மீட்டுத் தந்தவர் என்று பொருள். கராசியஸும் அவருக்குப் பின் அல்லெக்டஸும் பிரித்து ஆண்ட பிரிட்டனைக் கான்ஸ்டான்டியஸ் 296இல் மீட்டார். ஆகவே 293 என்ற தொடக்க எல்லை 296க்கு நகர்ந்துவிடுகிறது. அடியில் பி, டி, ஆர் என்ற எழுத்துகள் டிரியர் நாணயச்சாலையின் முதல் பணிமனையைக் குறிக்கின்றன. பதவி ஓர் எல்லை, போர் ஓர் எல்லை, நாணயச்சாலைக் குறி ஓர் ஊர். மூன்றும் சேர்ந்த இடத்தில் பதக்கத்தின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. மூலப்பதக்கம் அராஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உள்ளிட்ட இடங்களில் இருப்பவை மின்முறையில் எடுத்த நகல்கள். புத்தகப் படங்களில் நகலும் மூலமும் ஒன்றுபோல் தெரிவதால், படத்தை வைத்து இனங்காண்பவர் இதை மறக்கக் கூடாது.

அடிவரி எழுத்துகள்

நிற்கும் உருவத்தின் காலடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே சில எழுத்துகள். இந்தச் சின்னஞ்சிறு இடம்தான் பிற்கால ரோமானியப் பொன்னில் மிகுந்த பயன் தருவது. டி.ஆர். என்றால் டிரியர், எஸ்.ஐ.எஸ். என்றால் சிஸ்கியா, ஏ.க்யூ. என்றால் அக்விலேயா, டி.இ.எஸ். என்றால் தெசலோனிக்கா, ஏ.என்.டி. என்றால் அந்தியோக்கியா. முன்னால் வரும் எஸ்.எம்., பேரரசரின் புனித நாணயச்சாலை என்பதன் சுருக்கம்.

இவற்றில் ஒரு குறி காலத்தைத் துல்லியமாகப் பிரிக்கிறது. வரியாக வந்த பொற்காசுகளில் மாற்றுக் குறைந்தவை மலிந்துபோனதால், வாலென்டினியனும் வாலென்ஸும் அவற்றை உருக்கித் தூய்மைப்படுத்தி வாங்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். 368 வாக்கில் பொற்காசுகளின் அடிவரியில் ஓ, பி என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்தன. தூய்மையாக்கிய பொன் என்பதன் சுருக்கம் அது. கிரேக்க எண்முறையில் அந்த எழுத்துகள் 72 என்ற எண்ணையும் குறிக்கும். பவுண்டுக்கு 72 என்ற சாலிடஸ் கணக்கும் அதனுள் ஒலிக்கிறது. கான்ஸ்டான்டினோப்பிளின் பெயர்ச்சுருக்கத்தோடு இது சேர்ந்து ‘கானோப்’ என்று வரும் குறி பிறகு நூற்றாண்டுக்கணக்கில் தொடர்ந்தது. 337இல் இறந்த கான்ஸ்டன்டைனின் பெயர் தாங்கிய பதக்கத்தில் இந்தக் குறி இருந்தால் அது ரோமானிய நாணயச்சாலையில் பிறந்த பொருளாக இருக்க வழியில்லை. ஒரே வரியில் தீர்ப்பு வழங்கக்கூடிய சான்றுகள் இத்துறையில் குறைவு. இது அவற்றில் ஒன்று.

அச்சா, வார்ப்பா?

ரோமானிய நாணயச்சாலைகள் பதக்கங்களை இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தன. அடி விழும்போது பொன் எழுத்துகளின் ஓரத்தை நோக்கி நகர்ந்து மெல்லிய ஓட்டக்கோடுகளை விட்டுச் செல்லும். எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். களம் வழவழப்பாக மின்னும். வார்ப்பில் எடுத்த போலியில் இந்தக் கோடுகள் மழுங்கும், உருப்பெருக்கியில் காற்றுக்குமிழிகளின் நுண்குழிகள் தெரியும், ஓரத்தில் வார்ப்பு இணைந்த தழும்பை அரம் கொண்டு தேய்த்த தடம் இருக்கும். முகப்பும் பின்புறமும் ஒன்றுக்கொன்று நேராகவோ தலைகீழாகவோ இருப்பதுதான் பெரும்பாலும் வழக்கம், கோணலாக நிற்பது கவனிக்கத்தக்கது.

உண்மைப் பதக்கத்தில் அச்சு எடுத்து வார்த்தால், அதன் கீறலும் தேய்மானமும் சேர்ந்தே நகலில் விழும். இரண்டு பதக்கங்களில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் குறைந்தது ஒன்று வார்ப்பு. மாறாக, ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு பதக்கங்கள் வெவ்வேறு புதையல்களில், வெவ்வேறு தேய்மானத்தோடு கிடைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. அதனால்தான் அச்சு ஒப்பீடு இத்துறையின் முதுகெலும்பு. ஆனால் பெரும்பதக்கங்கள் பல உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கின்றன. ஒப்பிடுவதற்குத் துணை இல்லாத பொருளிடம் இந்த முறை தோற்றுப்போகிறது.

போலி செய்பவர் தாமே அச்சு வெட்டினால் வார்ப்பின் அடையாளங்கள் எதுவும் கிடைக்காது. ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830) அப்படிப்பட்டவர். அவருடைய அச்சுகள் பின்னாளில் பெர்லின் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்ததால்தான் அவருடைய கைவேலைகளை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிந்தது. வட இத்தாலியின் உதினே நகரில் லூயிஜி சிகோய் பிற்கால ரோமானியக் காசுகளிலேயே குறிப்பாகக் கைவைத்தார். இத்தகைய போலிகளில் பிடிபடுவது கலைநடை. எழுத்தின் வடிவத்தில் ஒரு தயக்கம், ஆடை மடிப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செம்மை, ஒரே பதக்கத்தில் இரண்டு காலத்து வழக்கங்கள். பழகிய கண் இவற்றைப் பிடிக்கும். பழகிய கண்ணும் தவறலாம் என்பதால் ஆய்வகம் வேண்டியிருக்கிறது.

மாற்றும் ஒப்படர்த்தியும்

பிற்கால ரோமானிய அரசுப் பொன் பொதுவாக 95 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையானது. 368 சீர்திருத்தத்துக்குப் பின் 99 விழுக்காட்டை நெருங்கியது. நம் நகைக்கடைகளில் 916 முத்திரையோடு விற்கும் பொன்னைவிட அது உயர்ந்த மாற்று. தூய பொன்னின் ஒப்படர்த்தி 19.3. நீரில் நிறுத்தும் எளிய சோதனையில் ரோமானியப் பதக்கம் பதினெட்டரைக்கு மேல் நிற்க வேண்டும். 22 காரட் பொன் பதினெட்டைத் தொடாது. சட்டமும் வளையமும் இல்லாத பதக்கத்தில் இந்தச் சோதனை மலிவானது, பொருளுக்குச் சேதம் தராதது, பல போலிகளை முதல் கட்டத்திலேயே வடிகட்டிவிடுவது.

ஊடுகதிர் ஒளிர்வு முறை உலோகக் கலவையைச் சில நிமிடங்களில் சொல்லும். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. மண்ணில் கிடந்த பொன்னின் மேற்பரப்பில் வெள்ளியும் செம்பும் கரைந்து வெளியேறிப் பொன்னின் பங்கு கூடியிருக்கும். ஆற்றுமணலில் அரித்தெடுத்த பழங்காலப் பொன்னில் ஆஸ்மியமும் இரிடியமும் கலந்த வெளிறிய நுண்துகள்கள் கரையாமல் தங்கிவிடுவதுண்டு. இன்றைய சுத்திகரித்த பொன்னில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. இவற்றைக் கண்டால் பழைய பொன் என்று சொல்லலாம். பழைய பதக்கம் என்று சொல்ல முடியாது. தேய்ந்த ரோமானியக் காசுகளை உருக்கிப் புதுப் பதக்கம் செய்தவரிடம் எந்த உலோகச் சோதனையும் தனியாக வெல்லாது. ஆய்வகம் ஒரு பொருளைப் போலி என்று உறுதியாகச் சொல்ல முடிகிற அளவுக்கு, உண்மையானது என்று சொல்ல முடிவதில்லை. அறிவியலின் பெயரால் விற்பனைச் சான்றிதழ் தரப்படும் இக்காலத்தில் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம், வளையம், அணிந்தவர்

பதக்கத்தைச் சுற்றியிருக்கும் சட்டத்தை முற்காலச் சேகரிப்பாளர்கள் சேதமாகவே பார்த்தார்கள். சிலர் பிரித்தும் எறிந்தார்கள். இன்று ஆய்வாளர்கள் சட்டத்தை ஒரு தனி ஆவணமாகவே படிக்கிறார்கள். சிர்மியம் நாணயச்சாலை 321இல் அடித்த கான்ஸ்டன்டைனின் இரட்டைச் சாலிடஸ் ஒன்று, பொன்தகட்டில் உளியால் சரிகைபோலத் துளைவேலை செய்த சட்டத்துக்குள் பதித்த நிலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனோடு இணைந்த வேறு தொங்கல்கள் மற்ற அருங்காட்சியகங்களில் உள்ளன. அந்த வேலைப்பாடு ரோமானியப் பொற்கொல்லர்களுடையது, பேரரசின் உயர்குடிக்காகச் செய்தது. நம் வீடுகளில் காசுமாலையில் காசைக் கோத்தவர் யார், எந்த ஊர் ஆசாரி என்பதைப் பட்டறை வேலையை வைத்துப் பெரியவர்கள் சொல்வதுபோல, சட்டத்தை வைத்துப் பதக்கம் யார் கழுத்தில் தொங்கியது என்று சொல்லிவிட முடிகிறது.

பேரரசுக்கு வெளியே வேறு வகை. இன்றைய ருமேனியாவின் சிம்லேவு சில்வானியேய் ஊரில் 1797இல் கிடைத்த புதையலில் மாக்சிமியன் முதல் கிராஷியன் வரையிலான பேரரசர்களின் பதினான்கு பொற்பதக்கங்கள் இருந்தன. இப்போது அவை வியன்னாவில் உள்ளன. அதே ஊரில் 1889இல் கிடைத்த இரண்டாம் பகுதி, பெரும்பாலும் ஆடையூசிகள், புடாபெஸ்டில் இருக்கிறது. ரோமானியர்கள் மூன்றாம் நூற்றாண்டிலேயே கைவிட்ட டாக்கியாவுக்கு வடக்கே, ஜெர்மானியத் தலைவர் குடும்பம் ஒன்று பல தலைமுறையாகச் சேர்த்த பொன் அது. பல பதக்கங்களைச் சுற்றி அகன்ற பொன்சட்டம், மேலே தடித்த குழல்வடிவ வளையம். வளையம் பேரரசரின் தலைக்கு மேலே பொருத்தப்பட்டிருக்கிறது. அணிந்தவருக்கு எது முகப்பு என்பது தெரிந்திருந்தது. போலந்து நாணயவியலர் அலெக்சாண்டர் புர்ஷே இத்தகைய கண்டெடுப்புகளைத் தொகுத்து, ஜெர்மானியத் தலைவர்களிடையே இவை அதிகாரச் சின்னங்களாக விளங்கின என்று நிறுவினார். தராசில் காசாகப் பிறந்தது கழுத்தில் பதவிச் சின்னமாக மாறிய வழியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை.

பேரரசுக்கு வெளியே பிறந்தவை

சிம்லேவு பதக்கங்களிலேயே ஒன்று ரோமானிய நாணயச்சாலையில் அடித்தது அன்று. வாலென்டினியனும் வாலென்ஸும் தெரிய, ‘ரெகிஸ் ரோமனோரும்’, ரோமானியர்களின் அரசன் என்ற வாசகம் அதில் ஓடுகிறது. எந்த ரோமானிய நாணயச்சாலையும் தன் பேரரசரை அரசன் என்று எழுதியிருக்காது. இதைப் போலி என்று சொல்வது நியாயமில்லை. ஏமாற்றுவதற்காக அல்லாமல், பேரரசின் உருவ மொழியைத் தன் பொன்னில் தானே பேசுவதற்காக ஒரு தலைவர் செய்துகொண்டது அது. நம் ஆய்வில் ‘உண்மை’, ‘போலி’ என்ற இரண்டு பெட்டிகள் போதாது. ‘சமகாலப் படி’ என்ற மூன்றாவது பெட்டி கட்டாயம் வேண்டும்.

அந்த மூன்றாவது வழியின் நீட்சிதான் ஸ்காண்டிநேவியாவின் பிராக்டியேட் எனப்படும் தொங்கல்கள். ஒருபுறம் மட்டும் உருவம் அழுத்திய மெல்லிய பொன்தகடுகள். ரோமானியப் பதக்கத்தில் தொடங்கிய பேரரசரின் தலை, ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளில் படிப்படியாக வடநாட்டுக் கடவுள்களின் உருவமாக மாறுகிறது. டென்மார்க்கின் விண்டெலெவ் ஊரில் 2020 இறுதியில் கிடைத்த புதையலில் இத்தகைய தகடுகளோடு தொங்கலாக்கிய ரோமானியப் பொன்னும் சேர்ந்தே இருந்தது. மூலமும் வழித்தோன்றலும் ஒரே குழியில் கிடைத்தது இத்துறைக்குக் கிடைத்த பெரும் பேறு. இனங்காண்பவருக்குத் தேவையான விதி எளிது. பின்புறம் வெறுமையாக, முகப்பின் பள்ளம் அப்படியே தெரிந்தால் அது ரோமானியப் பதக்கம் அன்று.

இத்தாலியின் செனிகாலியா அருகே கிடைத்து ரோம் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, கோத் அரசர் தியோடெரிக்கின் பதக்கம் இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நிற்கிறது. நேராகப் பார்க்கும் முகம், உயர்த்திய வலக்கை, இடக்கையில் உருண்டைமேல் வெற்றித்தெய்வம், எல்லாம் ரோமானிய இலக்கணப்படியே. ஆனால் தலைமுடியும் மீசையும் கோத் அரசருடையவை. எடை 15 கிராமுக்குச் சற்று மேல். மூன்று சாலிடஸ் என்றால் பதின்மூன்றரைதான் வர வேண்டும். பின்புறத்தில் பொருத்திய ஊசி அமைப்பு அந்த வேறுபாட்டை விளக்குகிறது. இது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, ஒப்பிட இன்னொன்று இல்லை. அதனால் எந்த ஆண்டில், எந்த விழாவுக்கு அடித்தார்கள் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

இல்லாத பதக்கங்கள், தீராத வழக்குகள்

பொருளே இல்லாமல் இனங்காண வேண்டிய நிலையும் உண்டு. ஜஸ்டினியனின் 36 சாலிடஸ் பதக்கம் 1751இல் கப்படோக்கியாவின் கைசேரியில் கிடைத்துப் பாரிசுக்குப் போனது. 1831 நவம்பரில் நடந்த கொள்ளையில் திருடுபோய் உருக்கப்பட்டது. நல்வாய்ப்பாக முன்பே எடுத்த படிவத்திலிருந்து வந்த நகல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடை 164 கிராம் அளவு என்ற பதிவும் இருக்கிறது. 36ஐ 4.5ஆல் பெருக்கினால் 162. நகலும் எண்ணும் சேர்ந்து, உருகிப்போன பொன்னை இன்றும் சாட்சிக் கூண்டில் நிறுத்துகின்றன. தூர் நகர ஆயர் கிரெகோரி 581இல் பிராங்க் அரசர் சில்பெரிக்கிடம் கண்டதாக எழுதிவைத்த, ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு எடையுள்ள இரண்டாம் டைபீரியஸின் பொற்பதக்கங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அவர் வாசகத்தையும் நான்கு குதிரைத் தேரையும் கண்ணால் கண்டு குறித்ததால், அப்படி ஒன்று நாளை மண்ணிலிருந்து வந்தால் நம்மால் அடையாளம் காண முடியும்.

தீராத வழக்குக்கு எடுத்துக்காட்டு ஸ்போன்சியானுஸ். 1713இல் டிரான்சில்வேனியாவில் வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் பொற்காசுகளில் இந்தப் பெயர் இருக்கிறது. வேறெந்த ஏட்டிலும் இப்படி ஒரு பேரரசர் இல்லை. காசுகள் வார்ப்பில் செய்தவை, எழுத்தும் நடையும் ரோமானிய வழக்கோடு ஒட்டாதவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹென்றி கோஹென் இவற்றைப் போலி என்று தள்ளினார். 2022இல் கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகக் காசை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பால் பியர்சன் குழு, ஆழ்ந்த தேய்மானமும் மேற்பரப்பில் ஒட்டிய மண் கனிமங்களும் உண்மைக்குச் சான்று என்றது. நாணயவியலர் பலர் இதை ஏற்கவில்லை. எழுத்தும் எடையும் உலோகமும் ஒருபுறம், தேய்மானமும் மண்ணும் மறுபுறம். ஏழு சாட்சிகளில் ஒன்றிரண்டு மட்டும் சாதகமாகப் பேசும்போது தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதே இந்த வழக்கு தரும் பாடம். எதிர்த்திசையில் அபூக்கிர் வழக்கு இருக்கிறது. 1902இல் எகிப்தில் வெளிவந்த இருபது பொற்பதக்கங்கள் அழகு மிகுந்திருந்ததாலேயே ஐயத்துக்கு உள்ளாயின. 1906இல் ஹைன்ரிஷ் டிரெசல் பெர்லினுக்கு வந்தவற்றை ஆராய்ந்து வெளியிட்ட பிறகு, அவை மூன்றாம் நூற்றாண்டின் உண்மைப் படைப்புகள் என்ற கருத்து படிப்படியாக நிலைபெற்றது.

தென்னகத்தின் பங்கு

பெரும் பொற்பதக்கங்கள் மேற்கேயும் வடக்கேயும் போயின, சாலிடஸ் காசுகள் நம் பக்கம் வந்தன. கர்நாடகத்தின் அக்கி ஆலூர்க் குவியல் போன்றவற்றில் ஐந்து, ஆறாம் நூற்றாண்டுப் பொன் கிடைத்திருக்கிறது. தென்னிந்தியாவில் கிடைக்கும் ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் பேரரசரின் தலைக்கு மேலே அடுத்தடுத்து இரண்டு துளைகள் இருக்கும். உலக ஆய்வாளர்கள் அந்த இரட்டைத் துளையைப் பார்த்தவுடன் இக்காசு இந்தியாவில் அணியப்பட்டது என்கிறார்கள். உள்ளூரில் செய்த படிகளும் நிறைய உண்டு. அவற்றில் எழுத்துகள் வெறும் கோடுகளாகிவிட்டிருக்கும். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் எழுதிய பயணநூலில், இலங்கை அரசன் முன்னால் ரோமானிய வணிகர் சோபாத்ரோஸ் பொற்காசையும் பாரசீகர் வெள்ளிக்காசையும் வைத்து எந்த அரசன் பெரியவன் என்று ஒப்பிடச் சொல்லும் காட்சி வருகிறது. காசை வைத்து அரசை அளக்கும் வழக்கம் இந்தப் பெருங்கடல் முழுதும் இருந்தது.

தீர்ப்பு

எடை மடங்கோடு பொருந்த வேண்டும். பட்டமும் தலைப்பட்டையும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். அடிவரி அந்தக் காலத்துக்கு இசைய வேண்டும். அச்சின் தடம் வார்ப்பை மறுக்க வேண்டும். உலோகம் அரசுப் பொன்னின் மாற்றில் நிற்க வேண்டும். சட்டம் அணிந்தவரின் பண்பாட்டோடு ஒட்ட வேண்டும். இந்த ஆறும் ஆய்வாளர் தம் மேசையில் கண்டறியக்கூடியவை. ஏழாவதான கிடைத்த இடம் மட்டும் மேசையில் கிடைக்காது. மண்ணிலிருந்து எடுத்த அன்றே குறித்துக்கொண்டால் உண்டு, தவறவிட்டால் எந்த ஆய்வகமும் அதைத் திருப்பித் தராது. போரேனின் ஐம்பத்தைந்து ஆண்டு உழைப்பும் ஸ்போன்சியானுஸின் முந்நூறு ஆண்டு வழக்கும் அந்த ஒரு குறிப்பின் குறையால் வந்தவை.

நம் ஊர்களிலும் உழும்போது, கிணறு வெட்டும்போது, கடைக்கால் தோண்டும்போது பழைய பொன் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை. காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள், வளையத்தைப் பிரிக்காதீர்கள், உருக்கக் கொடுக்காதீர்கள். எந்த வயல், எத்தனை அடி ஆழம், பானைக்குள்ளா வெறும் மண்ணிலா, கூட என்ன இருந்தது என்பதை எழுதி வைத்துவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தகவல் கொடுங்கள்.